காவல் காத்த குதிரை

மனைவி இறந்ததும் என் குதிரையைக் காடாம்புலியூரில் அவள் தம்பியிடம் விட்டிருந்தேன். எப்போதோ காயடித்த குதிரை அது. ஆனாலும் அவனுடைய இரண்டு பெண் குதிரைகளையும் மடக்கிக் காவல் காத்தது. அவற்றைக் கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டிப்போக வந்தவரைக் கடித்தது.

“காயடிச்சும் மாப்பிள முறுக்கு போவல. வித்துடுங்க மாமா,” என்றான் மச்சான்.

எனக்கு மனம் வரவில்லை. கால்நடை மருத்துவரைக் கேட்டேன்.

“பொட்டைங்க கண்ணுலயே படக்கூடாது சார். ஆனா ஒத்தையிலயும் வுடாதீங்க, ஏங்கிப்போயிடும்.”

மாசி பிறந்த அன்று சிதம்பரத்துக்கு, என் வீட்டுக்கே கொண்டுவந்தேன். முரட்டுத்தனம் அடங்கியது, தீனி எடுப்பதும் நின்றது. ஒரு மதியம் என் சாப்பாட்டுத் தட்டோடு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் இரண்டு வாய் உண்ட பிறகு அது புல்லில் வாய் வைத்தது. அவள் போன பிறகு நான் துணையோடு சாப்பிட்டது அன்றுதான்.