ஆசாத் வாங்கிய பத்தொன்பது இன்ச் சக்கரம்

உத்தமபாளையத்தில் திராட்சை மண்டி வைத்திருக்கும் ஆசாத், கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் இரண்டாம் கையாக ஒரு நீலக் கார் வாங்கினார். ஜெர்மனிக்காரன் செய்தது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஐம்பது வயதில், கனத்த உடம்போடு அவர் அதற்குள் ஏறுவதைப் பார்க்கிறவர்களுக்கு, மனுஷன் கிணற்றில் இறங்குகிறார் என்றுதான் தோன்றும்.

காரோடு வந்த சக்கரம் பதினேழு இன்ச். அது அவருக்குப் பிடிக்கவில்லை. மதுரையில் சக்கரம் விற்கும் கடைக்குப் போனார்.

“சார், உங்க பக்கம் வேகத்தடை ஜாஸ்தி. இந்தப் பதினேழே போதும். பெருசு போடப் போட டயரு மெலிசாயிரும். ரோட்டுல கெடக்குற கல்லெல்லாம் உங்க இடுப்புல வந்து தட்டும்” என்றார் கடைக்காரர்.

ஆசாத் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எது தூரத்துல இருந்து பாத்தாத் தெரியும்?”

பத்தொன்பது இன்ச் தெரியும் என்றார்கள். கறுப்புச் சக்கரம், ஓரத்தில் சிவப்புக் கோடு, அதைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்கு டயர். அந்த டயரும் லேசுப்பட்டதல்ல. ரன்-ஃப்ளாட் என்று பெயர். பக்கச் சுவர் அத்தனை கெட்டி. காற்று முழுக்கப் போனாலும் எண்பது கிலோமீட்டர் வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம். அதனால் அந்தக் காரில் ஸ்டெப்னி என்கிற மாற்றுச் சக்கரமே கிடையாது. ஆசாத் பழைய பதினேழைக் கடைக்காரரிடமே தள்ளிவிட்டு ஊர் திரும்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து கார் பள்ளிவாசல் வாசலில் ஓர் இடம் பார்த்து நின்றது. தொழுதுவிட்டு வருகிறவர்கள் செருப்பை மாட்டக் குனியும்போது சக்கரம் கண்ணில் படும் இடம் அது. படைத்தவன் முன்னால் குனிந்து எழுந்த தலைகள், வெளியே வந்ததும் ஆசாத்தின் சக்கரத்துக்கு முன்னால் இன்னொரு தடவை குனிந்தன. அவர் அதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி ரெஹானா மட்டும் ஒருமுறை ஏறிப் போய்வந்து, “அம்மில வச்சு இழுத்த மாதிரி இருக்குங்க” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ரெஹானாவின் அண்ணன் ஷரீப் தன் மகனுக்கு நிக்காஹ் வைத்தார். பெண் தேவதானப்பட்டி. மாப்பிள்ளையை ஏற்றிப்போவது யாருடைய கார் என்பது அந்தக் குடும்பத்தில் சின்ன விஷயமல்ல. இதுவரைக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் சலீமின் பெரிய வெள்ளை வண்டிதான் போனது. சலீம், ரெஹானாவின் தங்கை புருஷன்; ஆசாத்துக்குச் சகலை. இந்த ஒரு தடவை அந்த மரியாதை தனக்கு வந்தாக வேண்டும் என்று ஆசாத் ஒற்றைக்காலில் நின்றார். தொழுது முடித்துக் கையேந்திக் கேட்கும் துஆவிலும் அதைத்தான் கேட்டார்.

ஷரீப் சலீமையும் கூட்டிக்கொண்டு மண்டிக்கு வந்தார். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார். “எல்லாம் சரி மச்சான், ஸ்டெப்னி எங்கன இருக்கு?”

“இதுக்கு ஸ்டெப்னியே வேணாம் மச்சான். ஆணி குத்துனாலும் ஓடும்.”

“யாரு சொன்னாக?” என்றார் சலீம்.

அதோடு ஆசாத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. எதிரே மலைச்சாமியின் பஞ்சர் கடை. “மலைச்சாமி, ஒரு ஆணிய எடுத்து இதுல அடிப்பா” என்றார்.

மலைச்சாமி கையைக் கட்டிக்கொண்டார். “மொதலாளி, நமக்கு ஆணி புடுங்கித்தான் பழக்கம்.”

ஆசாத்தே சுத்தியலை வாங்கினார். தன் காரின் பின் டயரில் தானே ஆணி அடித்து, தானே பிடுங்கினார். காற்று சீறிக்கொண்டு போனது. உடனே ஏறி, பஜாரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார். டயர் முன்போலவே நிமிர்ந்து நின்றது.

ஷரீப் குனிந்து பார்த்தார். “காத்து அப்படியேதான மச்சான் இருக்கு?”

“இல்ல மச்சான், காத்தே இல்ல! புஸ்ஸுன்னு கேட்டுச்சுல்ல?”

“அது நீங்க விட்ட மூச்சு சகலை” என்றார் சலீம். “ஆணி உள்ளயே போயிருக்காது.”

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் சிரித்துவிட்டுக் கலைந்தது. ஷரீப் மனமிரங்கி மாப்பிள்ளையை அனுப்பச் சம்மதித்தார். ஆனால் ஸ்டெப்னி இல்லாமல் கார் கிளம்பக் கூடாது. “என்னோடத எடுத்துக்கிருங்க. நம்ம வண்டி புது டயரு, அதெல்லாம் பஞ்சர் ஆகாது” என்றார் சலீம், பெருந்தன்மையாக.

“அது இதுக்குச் சேராது மச்சான்!”

“சேந்தா என்ன சேராட்டி என்ன? மாப்பிள போற வண்டி. ஸ்டெப்னின்னு ஒண்ணு இருக்கணும்” என்றார் ஷரீப்.

வீட்டுக்கு வந்ததும் ஆசாத் மதுரைக்குப் போன் போட்டார். காற்றில்லாமல் ஓடின டயரைப் பஞ்சர் ஒட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும், இந்த அளவு டயர் வந்து சேரக் கல்யாணம் தாண்டிவிடும் என்றார்கள். அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. எண்பது கிலோமீட்டர் ஓடும் என்றுதானே சொன்னார்கள்? தேவதானப்பட்டி அதற்குள்தான் இருக்கிறது. திரும்பி வருவதை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்.

கல்யாணத்தன்று சலீமின் ஸ்டெப்னி நீலக் காரின் டிக்கியில் நுழையவில்லை. வெள்ளைப் போர்வை சுற்றிப் பின் சீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வழியில் பார்த்தவர்கள் யாரோ உடம்புக்கு முடியாத பெரியவர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். கார் ஊர்ந்தது. சின்னமனூர் வேகத்தடையில் அடி தட்டியதால் மாப்பிள்ளை மாலையோடு இறங்கி, நடந்து தாண்டி, மறுபடி ஏறினார்.

“மாமா, வாழத்தாரு லாரி நம்மள முந்திருச்சு” என்றார் மாப்பிள்ளை, பாவமாக.

“முந்தட்டும்ப்பா. அவனுக்கென்ன நிக்காஹா?”

வெள்ளை வண்டியில் பக்கத்தில் வந்த சலீம் கண்ணாடியை இறக்கினார். “சகலை, கயிறு கட்டி இழுக்கவா?”

போய்ச் சேர்ந்தபோது, நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் மூன்றாவது டீயைக் குடித்து முடித்திருந்தார். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. ஆனால் பந்தியில் ஆசாத்தின் தாமதம்தான் பேச்சு. அவர் பெண்ணைப் பெற்ற அத்தாவைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்து, “டயர்ல காத்தே இல்லைங்க, அதோடதான் கொண்டாந்து சேத்தேன்” என்றார். அந்த மனிதர் டயரை ஓர் உதை உதைத்தார். “கல்லு மாதிரி இருக்கு. வேகமா ஓட்டப் பயம்னா சொல்லிட்டுப் போங்களேன், நாங்க என்ன சொல்லப் போறோம்?”

உள்ளே எரிந்த எச்சரிக்கை விளக்கைக் காட்டினார் ஆசாத். “அது சீட் பெல்ட்டு விளக்கு” என்றார் சலீம்.

மணப்பெண் ஷர்மின் பின் சீட்டை எட்டிப் பார்த்தாள். “அங்கன போத்திக்கிட்டு உக்காந்திருக்கிறது யாரு?” என்று கேட்டுவிட்டு, நேராகச் சலீமின் வண்டியில் போய் ஏறினாள். மாப்பிள்ளை அவள் பின்னால் ஓடினார்.

ஆசாத்தும் ஸ்டெப்னியும் தனியாகக் கிளம்பினார்கள். தேனிக்குச் சற்று முன்னால், ரோட்டோரம் வெள்ளை வண்டி சாய்ந்து நின்றது. புது டயரில் ஆணி. பட்டுச் சேலையும் பூவுமாகப் பெண் வெயிலில் நிற்க, சலீம் நடுரோட்டுக்கே ஓடிவந்து கையாட்டினார். “சகலை! வாங்க, வாங்க! அல்லாஹ்தான் அனுப்பியிருக்கான்!”

போர்வையை உருவி ஸ்டெப்னியை எடுத்து மாட்டினார்கள். ஷரீப் ஆசாத்தைக் கட்டித் தழுவினார். ஆசாத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“நாந்தான் அப்பவே சொன்னேன்ல மச்சான்? ஸ்டெப்னின்னு ஒண்ணு இருக்கணும்னு!” என்றார் ஷரீப்.

எல்லோரும் ஏறிப் போனார்கள். ரெஹானாவும் அவர்களோடுதான்.

ஆசாத் காரைக் கிளப்பினார். கொஞ்ச தூரம்தான். பின்னால் டபடபவென்று சத்தம், அப்புறம் தாரில் இரும்பு உரசும் சத்தம். இறங்கிப் பார்த்தார். டயர் கிழிந்து, தோலுரிந்து, தரையோடு ஒட்டிக் கிடந்தது. இப்போது காற்றில்லை என்று குருடன்கூடச் சொல்லுவான். சொல்லத்தான் அங்கே ஓர் ஆள் இல்லை. நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். ‘இப்பவாவது நம்புறீங்களா?’ என்று கீழே எழுதினார்.

முதல் பதில் சலீமிடமிருந்து வந்தது.

‘அடடா. ஸ்டெப்னி இல்லையா சகலை?’