நெஞ்சளவுத் தண்ணீரை முட்டியளவு என்றேன்

மூன்று வருடத்துக்கு முன்பு நடந்தது. ஆம்பூரை அடுத்து, பாலாற்றை ஒட்டினாற்போல் எங்கள் சந்து. இருபது வீடு இருக்கும். ஒன்றுக்கும் பட்டா கிடையாது. ஆற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம் என்று, தோல் பதனிடும் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டோம். நான் தோல் உலர்த்தும் வேலை செய்து, முட்டி தேய்ந்து வேலையை விட்டு நின்றவள். ஐந்தாவது வரைதான் படிப்பு. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

அதற்கு முந்தின மழைக்கு ஆறு பெருகி, சந்துக்குள் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு எல்லார் சுவரிலும் பழுப்பாக ஒரு கோடு. சுண்ணாம்பு அடித்தாலும் கசிந்து வெளியே வந்துவிடும். நான் மூன்று தடவை அடித்து மறைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் கரண்ட் ஆபீசுக்காக ஒரு பெண்ணும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். கல்யாணத்தில் படம் எடுப்பார்களே, அந்த ட்ரோனைப் பறக்கவிட்டு ஒவ்வொரு கம்பத்தையும் படம் பிடித்தார்கள். அப்புறம் அந்தப் பெண் என் வாசலில் உட்கார்ந்து கையிலிருந்த பலகை போன்ற போனைக் காட்டினாள்.

“ஆயா, இது உங்க வீடுதானே? நீலத் தார்ப்பாய், மேல நாலு கல்லு.”

என் வீட்டு முதுகை நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தோம், இப்போது அவள் கைக்குள் இருக்கிறோமே என்று நினைத்தேன்.

“மேல இருந்து வீடு தெரியுது, கம்பம் தெரியுது. தண்ணி எவ்ளோ ஒசரம் ஏறுச்சுன்னு படத்துல தெரியாது. நீங்கதான் சொல்லணும். ஜாஸ்தி ஏறுற எடத்துல இந்தப் பெட்டியை மேல தூக்கி வைப்பாங்க. வெள்ளம் வந்தா அந்த லைனைத்தான் முதல்ல நிறுத்துவாங்க.”

பெட்டி என்றாளே, அது சந்து முனையில் இடுப்பு உயரத்தில் இருந்தது. அதிலிருந்துதான் எங்கள் வீடுகளுக்குக் கரண்ட் பிரியும்.

பக்கத்து வீட்டுக்காரி என் காதில் குனிந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை, ஒரே மகள், புருஷன் இல்லை.

“வெள்ளம் வர்ற எடம்னு எழுதிக்கினா நாளைக்கு இடிக்க வந்துடுவாங்க அத்தை. கம்மியா சொல்லு.”

தரையைப் பார்த்துக்கொண்டே, “முட்டி அளவுதாம்மா” என்றேன்.

அந்தப் பெண் வெள்ளைச் சுவரை ஒரு தடவை பார்த்தாள். “நல்லா ஞாபகம் இருக்கா ஆயா?”

“இருக்குதும்மா.”

அவர்கள் போனதும் பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். “ஊமைன்னு நெனச்சா, டேப்பு வச்சு அளந்த மாதிரி சொல்றியே அத்தை!” எனக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்த மழைக்காலம். இரண்டு நாள் விடாத மழை, மூன்றாம் நாள் விடியும்போதே தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த தெருவில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்தியா அத்தை, அவங்க இருட்டுல கெடக்குறாங்க. நம்ம வீட்ல ஃபேன் சுத்துது!” என்று பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்து கத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சரசரவென்று ஏறியது. அவள் மகளைக் கூட்டிப்போய் மேட்டு ரோட்டில் விட்டாள். எனக்கு முட்டி மடங்காது; சமையல் மேடையில் ஏறி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்காகத்தான் திரும்பி வந்தாள்.

“அங்கயே நில்லு அத்தை, நான் வந்து தூக்கினு...”

சந்து முனையில் தண்ணீரின் இழுப்பு அதிகம். நிலை தடுமாறி அந்தப் பெட்டியைப் பிடித்தாள். அவ்வளவுதான். மகள் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டை நிறுத்தி அவள் உடம்பை எடுத்தபோது என் சுவரில் தண்ணீர் பழைய கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எங்களைப் போலவே பட்டா இல்லாத அடுத்த தெருக்காரர்கள் உள்ளதைச் சொல்லியிருந்தார்கள். அவர்களை யாரும் இடிக்க வரவில்லை.

நாலு மாதம் கழித்து அந்தக் கரண்ட் ஆபீசுப் பெண் மறுபடி வந்தாள். சந்தே கூடி நின்றது. நான் அரிவாள்மனையை எடுத்து வந்து சுவரைச் சுரண்டினேன். சுண்ணாம்பு உதிர்ந்து கோடு வந்தது.

“இது வரைக்கும் வந்துச்சும்மா. போன தடவை நான் பொய் சொன்னேன்.”

அவள் கோட்டை அளந்து குறித்துக்கொண்டாள். கூட்டத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் மகள் மட்டும் திரும்பி உள்ளே போய்விட்டாள். “ஆயா, ஆயா” என்று என் சோற்றுத் தட்டிலேயே கை வைக்கிறவள், அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

இப்போது பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடுகிறேன். ஆயுசு முழுக்க வாய் வராதவள் என்று பேர் வாங்கினேன். வாய் வந்த முதல் தடவையே அது பொய்யாக வந்ததே என்பதை அந்தக் கோடு தினமும் எனக்குச் சொல்கிறது.