ஆரோக்கியமான ரத்தம்

எங்க அக்கா விஞ்ஞானின்னு சொன்னா, ராக்கெட் விடுறாளான்னு கேப்பாங்க. இல்ல, ஒரு சொட்டு ரத்தத்துல சிறுநீரகம் எப்படி இருக்குன்னு சொல்ற பட்டை செய்யறான்னா, கேட்டவங்க முகம் தொங்கிப் போயிடும். அந்தப் பட்டைக்கு அவ வாழ்க்கையையே கொடுத்தா. பேச்சுக்குச் சொல்லல.

பட்டை விரல் நீளம் இருக்கும். ஒரு நுனியில கறுப்பா பூச்சு. அதுல ரத்தம் பட்டா துளியூண்டு மின்சாரம் ஓடும். அதை அளந்து கருவி ரத்தத்துல கிரியாட்டினின்ங்கிற கழிவு எவ்வளவுன்னு காட்டும். சிறுநீரகம் கெடக் கெட அந்த எண் ஏறும். சர்க்கரை முத்தி, சிறுநீரகம் போய்த்தான் எங்க அம்மா செத்தாங்க. டெஸ்டுக்கு ரெண்டு பஸ் மாறணுமேன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க, கடைசியில நாங்க தூக்கிக்கிட்டுப் போனோம். "இனிமே இதுக்காக யாரும் பஸ் ஏறக்கூடாதுடி"ன்னா அக்கா. கல்யாணம் காட்சின்னு யார் பேசினாலும் காதுல போட்டுக்கல.

ஆரோக்கியமான ரத்தத்துக்குப் பட்டை என்ன காட்டுதுன்னு தினமும் காலையில பார்க்கணும். "மத்தவங்க ரத்தம் எடுக்க ஆயிரத்தெட்டு அனுமதி. என் விரலுக்கு யாரைக் கேக்கணும்?"னு தன்னையே குத்திக்குவா. நுனியெல்லாம் காய்ச்சுப் போச்சு.

முதல்ல எண் ஒழுங்கா வந்துச்சு. போகப் போக ஏற ஆரம்பிச்சுது. அளந்து கலக்கின கரைசல்ல சரியா காட்டுது, ரத்தத்துல மட்டும் கூடுதலா காட்டுது. ரத்தத்துல இருக்கிற வைட்டமின் சி-தான் குட்டையைக் குழப்புதுன்னு முடிவு கட்டிட்டா. அதைத் தடுக்கப் பூச்சுக்கு மேல பூச்சு. வீட்டுல ஆரஞ்சு, எலுமிச்சை எதுவும் நுழையக்கூடாது. "உன் பட்டைக்கு நான் ஏன் பத்தியம் இருக்கணும்?"னு கத்தினேன். அவ காதுலயே வாங்கல.

இதுக்கு நடுவுல அவளுக்கு முகம் உப்பிப் போச்சு, சோறு இறங்கல. டாக்டரைப் பாருன்னு நான் சொன்னா, "நின்னுக்கிட்டே வேலைடி, அதான். பட்டை சரியாகட்டும், போறேன்"னு சொல்லுவா. ரெண்டு வருஷம் இதே பாட்டு.

ஒருநாள் செருப்பு காலுக்கு ஏறலைன்னு போன் பண்ணினா. பெரிய அளவுல ஒன்னு வாங்கிக்கிட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். கருவி முன்னாடி தலையில கை வெச்சு உக்காந்திருந்தா.

"மறுபடியும் ஏறிக்கிச்சுடி. இத்தனை வருஷப் பாடும் தண்ணில போச்சு."

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. விரலை நீட்டினேன். "என்னைக் குத்து. வர்ற வழியில ரெண்டு ஆரஞ்சு தின்னுட்டுத்தான் வந்திருக்கேன். எவ்வளவு ஏத்துதுன்னு பாப்போம்."

"திருடி. உன் ரத்தத்துல பாதி ஜூஸாத்தான் இருக்கும்"னு சிரிச்சுக்கிட்டே குத்தினா.

எண் வந்ததும் சிரிப்பு நின்னுச்சு. வேற பட்டை எடுத்து என்னையே மறுபடி குத்தினா. அப்புறம் தன் விரலை. ரெண்டு பேரோட எண்ணையும் பக்கத்துல பக்கத்துல எழுதினா.

"என்ன, எனக்கு ரொம்ப ஏறிடுச்சா?"

"இல்லடி. உனக்குச் சரியா இருக்கு."

"அப்போ பட்டை நல்லாயிடுச்சா?"

"அது எப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கு"ன்னா.

குனிஞ்சு செருப்பு போட அவளால முடியல. நான்தான் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரி டாக்டர், "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா சிறுநீரகத்தை மருந்துலயே இழுத்துப் பிடிச்சிருக்கலாமே"ன்னார். இவ கேட்டது என்ன தெரியுமா? "உங்க டெஸ்டுல எவ்வளவு காட்டுது, டாக்டர்?" ரெண்டு எண்ணும் ஒத்துப் போச்சு. அவ முகத்துல வந்த சந்தோஷத்தைப் பாத்து எனக்கு அறையணும்போல இருந்துச்சு.

"செத்துக்கிட்டிருக்கே, இதுல என்னடி சந்தோஷம் உனக்கு?" அக்காவை அன்னிக்குத்தான் டி போட்டுப் பேசினேன்.

"வேலை செய்யுதுடி"ன்னா.

என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தல. டயாலிசிஸ்ல ஒரு வருஷம் தாக்குப் பிடிச்சா. அப்புறம் போயிட்டா.

அவகூட வேலை பார்த்த பொண்ணுதான் இப்ப அதைத் தொடர்ந்து செய்யறா. ஆரோக்கியமான ரத்தம் வேணும்னு முறைப்படி அனுமதி வாங்கி என்னைக் கூப்பிட்டா. மாசாமாசம் போறேன். போன தடவை கேட்டேன், "பட்டையை ரொம்ப மாத்திட்டியாம்மா?"

"இல்ல ஆன்ட்டி. மேடம் அப்புறமாப் போட்ட பூச்சையெல்லாம் எடுத்துட்டேன். அவங்க முதல்ல செஞ்சது எப்படி இருந்துச்சோ, அப்படியேதான்."

விரல்ல பஞ்சை அழுத்திக்கிட்டுக் கருவியைப் பாத்தேன். எனக்கு எண் சரியா இருந்துச்சு. அந்த முதல் பட்டை சொன்னதை அவ நம்பியிருந்தா, இன்னிக்கு என் விரலைக் குத்த அவளே இருந்திருப்பா.