மீன் மருந்து கேட்டு வந்தவர்களுக்கு

ஞானப்பிரகாசம் சார் போய்விட்டார் என்று ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அவரைப் பற்றி முன்னும் என்னென்னவோ வந்திருக்கிறது. வீட்டுக்கே போன் போட்டேன். அவர் மகள் அழுதுகொண்டே எடுத்தாள்.

புதுக்கோட்டைக் கல்லூரியொன்றில் விலங்கியல் பேராசிரியர். சின்னஞ்சிறு வரி மீன்களை வைத்து, உயிர்களை ஒன்றோடொன்று பழகச் செய்யும் ஹார்மோனை ஆராய்ந்தவர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் புரிந்துகொள்ள அது உதவலாம் என்று நம் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் சார், எம் புள்ள மீனா?" என்றேன். "மீனு மீனுதாம்மா, புள்ள புள்ளதான். நான் அத மறந்தா நாக்கப் புடுங்குற மாதிரி கேளுங்க" என்றார். நைசாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் அதை வேறு மாதிரி காதில் வாங்கியது. கறம்பக்குடிப் பக்கமிருந்து சிலர், பிள்ளைகளை வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு விடிந்ததும் அவர் வாசலில் நின்றார்கள். உயிர் மீனை விழுங்க வைத்துப் பத்தியம் சொல்வார் என்ற நினைப்பு. பதறிப்போன சார், அப்படியொரு மருந்தே இல்லை என்று சொல்லி, எல்லோருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். "இல்லங்கிறாருன்னா எங்கிட்டோ ஒளிச்சு வச்சிருக்காரு" என்றார், குவைத்திலிருந்து என் கணவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. மகன் முகிலனைக் கூட்டிக்கொண்டு ஆலங்குடியில் பஸ் ஏறினேன்.

கல்லூரியில் அவர் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. தடுப்புக்கு அந்தப் பக்கம் மீன் கூட்டம். இந்தப் பக்கம் ஒற்றை மீன், கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றது. முகிலன் அதன் முன்னால் போய் நின்றவன் அசையவே இல்லை.

"ஹார்மோனக் குடுத்தா இது கூட்டத்துப் பக்கம் போகுதும்மா" என்றார் சார்.

"அப்ப எம் புள்ளைக்கும் குடுங்களேன்!"

சந்தேகப்பட்டுப் போனவள் நான்தான். ஆனால் அவன் என்னை ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. ஆசை யாரை விட்டது?

"போகுது, சரி. அதுக்கு அது புடிச்சிருக்கான்னு மீன்கிட்டக் கேக்க எனக்கு வழி தெரியல. ஒங்க புள்ளைக்கு எப்படிக் குடுப்பேன்? எவன் குடுக்குறேன்னு வந்தாலும் சந்தேகப்படுங்க. என்னையும் சேத்துத்தான்."

அன்று கோபத்தோடுதான் வீடு திரும்பினேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் சின்ன பாட்டில். "சாரோட மீன் மருந்து. இனிமே எங்கிட்டதான் இருக்கு. வாய் தெறந்து அம்மான்னு கூப்புடுவான் பாருங்க."

பொய் சொல்வானேன், அந்தச் சொல்லுக்கு என் கை நீண்டுவிட்டது. முகிலன் என் முந்தானையைப் பிடித்தபடி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

"இவன்கிட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

"அவன் என்னத்தம்மா சொல்லப்போறான்?"

"அவன் சொல்றப்ப வாங்க" என்று கையை இழுத்துக்கொண்டேன்.

சார் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். அந்த பாட்டில் உங்கள் வாசலுக்கும் வரும். கேளுங்கள்.