பூதக்கண்ணாடி குத்திக்கொண்ட பச்சை

மருந்துக் கிடங்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூதக்கண்ணாடி என்றால்தான் தெரியும். லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்த்து உள்ளே எடுப்பது அவள் வேலை. சீல் ஒழுங்காக இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன, பெட்டியின் அடி ஈரமாக இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஓட்டுநர்கள் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள், பிள்ளையைப் பற்றி அன்பாக விசாரித்துப் பார்த்தார்கள். அவள் தேநீரைக் குடித்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தாள்.

சும்மா வந்த குணமில்லை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஓட்டுநர் "அக்கா, அக்கா" என்று தேனொழுகப் பேசினான். அந்தப் பேச்சில் மயங்கி, மேலே இருந்த பெட்டிகளை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அடியில் இருந்ததெல்லாம் உடைந்த பாட்டில்கள். மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து யாராவது சிரித்துப் பேசினாலே அவளுக்குப் பொறி தட்டும். அந்தக் குணம் மெல்ல வீட்டுக்குள்ளும் குடி வந்துவிட்டது. பால் பாக்கெட்டைக்கூட விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "நான் காலாவதி ஆகிட்டேனான்னும் ஒரு தடவை பார்த்துடு" என்று கணவர் உயிரோடு இருந்தவரை கேலி செய்துகொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்த மருமகள், பச்சை குத்தும் கடையில் தொழில் பழகுகிறவள். மகன் தானாகத் தேடிக்கொண்ட பெண். லிப்ட் பழுது பார்க்கும் அவன் பாதி நாள் வெளியூரில் இருப்பான். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். அந்தப் பெண் அதிர்ந்து பேச மாட்டாள். நிறையப் பேசுகிறவர்கள் மேல் பூதக்கண்ணாடிக்குச் சந்தேகம். பேசாதவர்கள் மேல் அதைவிடப் பெரிய சந்தேகம். 'உள்ளே எதையோ வைத்துக்கொண்டுதான் இவள் இப்படி இருக்கிறாள்' என்று நினைத்துக்கொள்வாள். மருமகளின் கைப்பையில் ரப்பர் மாதிரி ஏதோ தோல் துண்டு இருந்ததைப் பார்த்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பழகுவதற்காக விற்கும் செயற்கைத் தோல் அது என்று மகன் வந்து சொன்ன பிறகும் அரை மனதாகத்தான் நம்பினாள்.

ஒருநாள் மருமகள் சமையலறையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணி மடிக்க அந்த இடம்தான் அவளுக்கு வசதி, ஏனென்றால் அங்கே நின்றால் எல்லாம் கேட்கும்.

"அண்ணா, கடைசி நேரத்துல இப்படிச் சொன்னா எப்படி? அண்ணி வேணாம்னு சொன்னா அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. உன் கையை நம்பித்தானே நான் முதலாளியம்மாகிட்ட சரின்னேன். இந்தத் தடவை விட்டா நாற்காலி கூடப் பழகற பையனுக்குப் போயிடும்."

விஷயம் இதுதான். கடையில் ஒரு நாற்காலி காலியாகியிருந்தது. அதில் உட்கார்ந்து தனியாகத் தொழில் செய்ய வேண்டுமானால், நிஜமான ஒரு தோலில் குத்திக் காட்ட வேண்டும். அதுவும் அன்றைக்கே பார்க்க மாட்டாராம் முதலாளியம்மா. "புதுசா குத்தினது எல்லாருக்கும் அழகாத்தான் இருக்கும். ஆறின பிறகு கொண்டு வா" என்பாராம். கை கொடுப்பதாகச் சொன்ன அண்ணன் இப்போது கை விரித்துவிட்டான்.

பூதக்கண்ணாடி மடித்த துணியோடு உள்ளே போனாள்.

"என் கையில குத்து."

மருமகள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். "அத்தை, நிஜமாவா?"

"கிண்டலுக்கா சொல்வேன்?"

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாசம் பொங்கி மாமியார் கையை நீட்டுகிறாள் என்று அந்தப் பெண் நினைத்தாள். கதை அதுவல்ல. கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கடைக்குள் என்னதான் நடக்கிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் பூதக்கண்ணாடியின் கணக்கு.

கடை அவள் நினைத்ததுபோல் இல்லை. ஆஸ்பத்திரி வாடை அடித்தது. அதுவே அவளுக்கு உறுத்தியது, 'என்னத்தை மறைக்க இவ்வளவு சுத்தம்?' ஊசி உறையை வாங்கிச் சீல் பார்த்தாள், தேதி பார்த்தாள், நகத்தால் ஓரத்தைச் சுரண்டியும் பார்த்தாள். மைக்குப்பியைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். பக்கத்து நாற்காலியில் படுத்திருந்த வாலிபன் இதைப் பார்த்துப் பயந்துபோய், தன் ஊசியின் தேதியையும் கேட்டான். முதலாளியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு மறுபடி தன் வேலையில் குனிந்துகொண்டார்.

முன்கையின் உள்பக்கத்தில் ஓர் இலைக்கொத்து. பொடிப்பொடி இலைகள், முடியளவு நரம்புகள். மருமகள் முடியை மழித்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, படம் பதிக்கும் அச்சுத்தாளை ஒட்டி எடுத்தாள். இயந்திரம் வண்டு மாதிரி ரீங்கரித்தது. வலித்தது, ஆனாலும் பூதக்கண்ணாடி முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அவள் பார்வை ஊசியை விட்டு அகலவேயில்லை. முடிந்ததும் மருமகள் கண்ணாடி போன்ற மெல்லிய ஒட்டுத்தாளை மேலே ஒட்டினாள்.

"அத்தை, இதை நானே ரெண்டு மூணு நாள் கழிச்சு எடுக்கறேன். உள்ள கறுப்பா தண்ணி கட்டும், பயப்படாதீங்க. அப்புறம் பொருக்கு தட்டும், அரிக்கும். சொறியக் கூடாது, பிய்க்கக் கூடாது, தானா உதிரணும். நீங்க எதுவுமே செய்ய வேணாம்."

எதுவுமே செய்ய வேண்டாம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று சொன்ன எந்த ஓட்டுநரும் யோக்கியனாக இருந்ததை அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் ஒட்டுத்தாளுக்குள் கறுப்பாக நீர் தளும்பிக்கொண்டு நின்றது. கிடங்கில் கசியும் பெட்டியை மூடி வைக்கிற பழக்கமே கிடையாது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாளை உரித்தாள். சுடுதண்ணீரை ஊற்றினாள், காட்டமான கிருமிநாசினியைத் தடவினாள், துண்டால் அழுத்தித் துடைத்தாள். உயிர் போகிற மாதிரி எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"தாள் எங்க அத்தை?" என்றாள் மருமகள் சாயங்காலம்.

"தானா வந்துடுச்சு."

மருமகள் ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தாள். "சரி அத்தை" என்று சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, துளி களிம்பைப் பூசினாள். இவ்வளவுதானா என்று பூதக்கண்ணாடிக்கு மனசு ஆறவில்லை. மருமகள் அந்தப் பக்கம் போனதும் அப்பு அப்பென்று அப்பிக்கொண்டாள்.

அடுத்து பொருக்கு தட்டியது. அடியில் இலை இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டிக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது கிடங்கு வழக்கம். நுனி இலையில் நகத்தை வைத்தாள். பொருக்கு வந்தது, அதோடு மையும் வந்தது. கீழே வெறும் தோல். 'நினைச்சேன்' என்றாள். ஒன்றை மட்டும் வைத்துப் பழி சொல்வது தர்மமில்லை என்று பக்கத்து இலையையும் பிய்த்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே. உடனே மகனுக்குப் போன் போட்டாள்.

"மை சரியில்லடா. உன் பொண்டாட்டி கடையில என்னமோ கோல்மால் நடக்குது."

"அம்மா, நீ கை வச்சியா?"

"நான் ஏன்டா கை வைக்கப் போறேன்?"

இப்படியே நாள் போய், முதலாளியம்மா பார்க்கிற நாள் வந்தது. விளக்கைக் கிட்டே இறக்கி, கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்காலிக்குக் காத்திருந்த அந்தப் பையன் சும்மா எட்டிப் பார்ப்பது போல் வந்து நின்றான்.

"கோடு அழகா இருக்கும்மா. ஆனா ரெண்டு இலை போயிடுச்சே. ஊசி ஆழம் போகலையா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "என் தப்புதான் மேடம். இன்னும் பழகறேன்."

பூதக்கண்ணாடி திடுக்கிட்டாள். மாட்டிக்கொண்ட ஓட்டுநர்கள் அவளிடம் சாக்குச் சொல்லியிருக்கிறார்கள், சண்டைக்கு வந்திருக்கிறார்கள், அழுதும் இருக்கிறார்கள். செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் எவரும் இல்லை. மருமகளின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"நான் தாளைப் பிரிச்சது உனக்குத் தெரியுமா?"

"குப்பைக் கூடையில பார்த்தேன் அத்தை. பொருக்கைப் பிய்க்கறதும் தெரியும்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? நானே கெடுத்துட்டு உங்க மேல பழி போடறேன்னுதானே நினைப்பீங்க."

அப்படித்தான் நினைத்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது. தன் வீட்டில் ஒருத்தி, நம்ப மாட்டாள் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

விடுவிடுவென்று முதலாளியம்மாவிடம் போனாள். "அனுப்பின இடத்துல தப்பில்லைங்க. வாங்கி வச்ச இடத்துலதான் கெட்டுப் போச்சு. தாளை உரிச்சது, பொருக்கைப் பிய்ச்சது எல்லாம் நான்தான்."

முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மருமகளைக் காப்பாத்தணும்னு சொல்றீங்க. நல்ல மனசுதான். ஆனா அதை நம்பி நாற்காலி கொடுக்க முடியாது."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மேல் தானே புகார் சொல்கிறாள், அதையும் நம்ப ஆளில்லை. பூதக்கண்ணாடிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அப்ப இன்னொன்னு குத்தச் சொல்லுங்க. இந்தத் தடவை நான் தொட மாட்டேன்."

"தொடுவாங்க மேடம்" என்றாள் மருமகள். இவ்வளவு சத்தமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "அத்தையால சும்மா இருக்க முடியாது. கையில வேணாம். முதுகுல குத்தறேன். அங்க கையும் எட்டாது, கண்ணும் எட்டாது."

முதலாளியம்மா வாய்விட்டுச் சிரித்து, சம்மதித்தார்.

திரை போட்ட மூலையில் பூதக்கண்ணாடி குப்புறப் படுத்தாள். தரை ஓடுகள்தான் தெரிந்தன. பின்னால் உறை கிழிபடும் சத்தம் கேட்டது. என்ன உறையோ, என்ன தேதியோ. ரீங்காரம் ஆரம்பித்ததும் கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தேதி என்னன்னு சொல்லு" என்றாள். மருமகள் சொன்னாள். நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு கழுவுவது, ஒற்றுவது, களிம்பு பூசுவது எல்லாமே மருமகள் கையில்தான். காலையும் மாலையும் ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "நல்லா இருக்கு அத்தை" என்று பதில் வரும். அரிப்பு எடுத்தபோது கதவு நிலையில் முதுகைத் தேய்க்கப் போனவள், எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். குளியலறைக் கண்ணாடியில் கழுத்தைத் திருகிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளியம்மா மறுபடி பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "நாளையில இருந்து அந்த நாற்காலி உனக்கு" என்றார். மருமகள் அங்கேயே தேம்பி அழுதுவிட்டாள்.

திரைக்குள் மருமகள் போனில் படம் எடுத்து நீட்டினாள். "பாருங்க அத்தை."

பூதக்கண்ணாடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். முதுகில் இலைக்கொத்து ஒன்று, ஒரு நரம்புகூடச் சிதையாமல் இருந்தது.

"இது என் முதுகுதான்னு என்ன நிச்சயம்?"

மருமகள் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் வந்து உட்கார்ந்தாள். படத்தில் ஓர் இலையைக் காட்டி, முதுகில் அதே இலையின் மேல் விரலை வைத்தாள். அப்புறம் அடுத்தது, அதற்கும் அடுத்தது. மாமியார் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். தன் முதுகில் இவ்வளவு மெதுவாக ஒரு கை பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. கடைசி இலையும் முடிந்து விரல் விலகியது.

"நடுவுல ஒன்னு விட்டுட்ட. முதல்ல இருந்து காட்டு" என்றாள் பூதக்கண்ணாடி.