சாட்சி சொல்லாத அப்பா

அப்பா ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்கள் எல்லோரும் அப்பாவைத் தங்கமான மனிதர் என்றே சொல்கிறீர்கள். அந்தத் தங்கத்தோடு ஒரே லயத்து வீட்டில் குடித்தனம் நடத்திய பாடு எங்களுக்குத்தான் தெரியும். மூத்த மகள் என்ற உரிமையில் அதையும் எழுதுகிறேன்.

வட்டவளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் அப்பா பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். வாலிபத்தில் ஹட்டனில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போனார். அவர்கள் குவேக்கர்கள். பாதிரியார் கிடையாது, பாட்டுக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேசாமல் உட்கார்ந்து ஆண்டவரின் குரலுக்குக் காத்திருப்பார்கள். எந்த ராஜாவுக்காகவும் ஆயுதம் தூக்கமாட்டார்கள். அப்பா அதில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

"இது அவங்க புதுசா கண்டுபுடிச்சது இல்லம்மா" என்பார் என்னிடம். "பேதுரு கத்திய உருவுனப்ப ஆண்டவரு உறையில போடச் சொன்னாருல்ல, அதோட எல்லா சிப்பாய் கையிலருந்தும் கத்திய வாங்கிட்டாருன்னுதான் ஆதிச் சபைக்காரங்க நெனச்சாங்க. பட்டாளத்துக்காரன் ஞானஸ்நானம் கேட்டு வந்தா, அதிகாரி சொன்னாலும் கொல்லக்கூடாதுன்னு சொல்லிருவாங்க. அப்பறம் ராஜாவே வேதத்துக்கு வந்தாரு. சபையும் கத்திக்கு ஆசீர்வாதம் குடுக்க ஆரம்பிச்சிருச்சு. குவேக்கருங்க அந்தப் பழைய வேரத் தோண்டி எடுத்தாங்க, அவ்வளவுதான்."

அந்தத் தம்பதி ஊருக்குப் போன பிறகும் அப்பா எங்களை வரிசையாக உட்காரவைத்து மௌனமாகக் கும்பிட வைத்தார். லயத்தில் எங்களுக்கு ஊமைச் சபை என்று பெயர். அப்போதெல்லாம் அம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

மேல் லயத்தில் இருப்பவர் ஒருவர், எங்களுக்குத் தூரத்து உறவு, அப்பாவை மாமா என்று கூப்பிடுபவர். அவருக்கும் என் தம்பிக்கும் மரக்கறித் தோட்டத்து எல்லையில் வாய்த்தகராறு வந்தது. அவர் கையில் தேயிலை கவ்வாத்து வெட்டும் கத்தி இருந்தது. லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அப்பாவின் கண்ணெதிரே தம்பியின் கழுத்தில் அது இறங்கியது. தம்பி அங்கேயே செத்தான். வேறு யாரும் பார்க்கவில்லை. தம்பிதான் மழைச் சேற்றில் சறுக்கித் தன் கத்தி மேலேயே விழுந்தான் என்று அவர் சாதித்தார். எல்லாம் அப்பாவின் ஒரு வார்த்தையில் நின்றது.

அப்பா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"கொலைன்னு தீந்துச்சுன்னா மரண தண்டனைதான். ஆதிச் சபையில சாவு விழுற குற்றத்த யாரு மேலயும் சாட்டக்கூடாதும்பாங்க. வாளால கொன்னா என்ன, வாயால கொன்னா என்ன?"

"இந்த நாட்டுல இப்ப யாரப்பா தூக்குல போடுறாங்க? உள்ளதானே வச்சிருப்பாங்க!" என்று கத்தினேன்.

"சாகணும்னு தீர்ப்பு எழுதுவாங்கல்ல? எழுத வச்சது நானாத்தானே இருப்பேன்."

கோர்ட்டில் வாய் திறக்காததற்காக அப்பாவைக் கொஞ்ச காலம் சிறையில் வைத்தார்கள். செத்தவனைப் பெற்றவர் உள்ளே, வெட்டியவர் வீட்டிலே. கூத்தைப் பாருங்கள்! பெரியவர் தனக்குப் பயந்துவிட்டார் என்று அந்த மனிதர் கடைத்தெருவில் சொல்லித் திரிந்ததையும் அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அப்பா திரும்பி வந்த அன்று அம்மா தேத்தண்ணியை முன்னால் வைத்தார். "ஒங்க ஆண்டவருக்கு மௌனந்தானே புடிக்கும்? இனி வீடு பூரா அதுதான்" என்றார். தன் கடைசி நாள்வரை அம்மா அப்பாவோடு பேசவில்லை. அப்பா வாசலில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

கடைசியில் அப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சுக் குழறியது; காதை வாயருகே கொண்டுபோனால் எனக்கு மட்டும் புரியும்.

அடக்கத்தன்று அந்த மனிதரும் வந்தார். பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்தார்.

"மாமா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

இத்தனை வருடமும் பயந்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"சொன்னாங்க" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று. பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் தேயிலைக்குள் இறங்கி ஒளிகிறாராம். இரண்டு தடவை மனைவியை அனுப்பிக் கேட்டார். வந்தவருக்கும் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவைத் தூக்கிப் புரட்டிய தாதிமாருக்கும், கொட்டும் மழையில் தறப்பாள் கட்டிய லயத்துப் பிள்ளைகளுக்கும், அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த வீடுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மேல் லயத்து வீட்டுக்கும் ஒரு மலர் வரும். நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அப்பா என் காதில் சொன்னது உங்களைப் பற்றித்தான்: "அவன பயப்படாம இருக்கச் சொல்லு."

ஒரு வருடம் தாமதமாகச் சொல்கிறேன். அந்த வருடத்தைத் தம்பிக்காக நான் எடுத்துக்கொண்டேன்.