படகின் பின் பலகை

என் சகலையைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்வதென்றால் எனக்கு இன்றைக்கும் வயிறு கொஞ்சம் எரியும். எரிந்துவிட்டுப் போகட்டும், சொல்லிவிடுகிறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கேட்டால் 'ம்' என்பார், ரொம்பக் கேட்டால் 'ஆமா' என்பார், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். ஊமைக்கோட்டான் என்று மனசுக்குள் பெயர் வைத்திருந்தேன். ஓடாமல் நிற்கிற லிஃப்டின் கதவில் காதை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாராம். இதை மாமனார் என் கண்ணாடிக் கடைக்கே வந்து, வாடிக்கையாளர் எதிரில் வாய் வலிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டி அனுப்பிவிட்டேன்.

ஊருக்கு வெளியே ஒரு ஏரி இருக்கிறது. பெரியது என்றும் சொல்ல முடியாது, சிறியது என்றும் சொல்ல முடியாது. இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. தெற்குக் கரை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு: டிக்கெட் கூண்டு, ஐஸ்கிரீம் வண்டி, அன்னப்பறவை உருவத்தில் மிதிபடகுகள். வடக்குக் கரையில் நாணல் மண்டிக் கிடக்கும். அது தூண்டில்காரர்களின் பக்கம். அங்கே மாமனாருக்குச் சொந்தமாக ஒரு சின்னப் படகு. அதில் இரண்டே பலகைகள். முன் பலகையில் அவர் தூண்டிலோடு உட்காருவார், பின் பலகையில் துடுப்புப் போட ஓர் ஆள். மூன்றாவது ஆளுக்கு இடம் கிடையாது.

ஏழு வருஷம் அந்தப் பின் பலகை என்னுடையதாக இருந்தது. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்று, "மாப்பிள்ளை, கிளம்பலாமா?" என்று ஒரு பெரியவர் நம்மைத்தான் கூப்பிடுகிறார் என்றால் அது எப்படி இருக்கும் என்பது, அப்பா இருக்கிறவர்களுக்குப் புரியாது. எனக்கு மீன் முக்கியமில்லை. அந்தப் பலகை முக்கியம்.

பிறகு சகலை வந்து சேர்ந்தார். அவர் கல்யாணம் முடிந்த மறுவருஷம் ஒரு சனிக்கிழமை மாமியார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, நாளைக்குச் சின்னவர் போகட்டும். நீங்க கொஞ்சம் ஓய்வு எடுங்க."

"எனக்கு எதுக்கு அத்தை ஓய்வு? நான் உட்கார்ந்துதானே வேலை பார்க்கிறேன்?"

"போகட்டுமே, ஆசைப்படுறாரு."

ஆசைப்படுகிறவரின் முகத்தை மறுநாள் பார்த்தேன். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவரைப் போல இருந்தது. ஆனாலும் அந்த ஒரு ஞாயிறு நாலு வருஷமாக நீண்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்திய கதைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் கிடந்தேன். பிள்ளைகள் ஏதாவது கேட்பார்கள், என்ன கேட்டார்கள் என்றே தெரியாமல் தலையாட்டுவேன். மதியம் மாமனார் பையில் கெண்டையோடு வருவார். மீனை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம் இல்லையா? மாட்டார்.

"சின்னவர் துடுப்புப் போட்டா தண்ணிக்கே தெரியாது மாப்பிள்ளை. அவ்வளவு அமைதி."

நான் படகில் பேசிக்கொண்டே இருப்பேன் என்பதற்கான குத்தல் அது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு அந்த வாய்தான் வினையாகிவிட்டது என்று நினைத்து, அந்தக் கெண்டையை முள்ளும் பார்க்காமல் மென்றேன்.

எங்கள் ஏரியில் கெண்டை பிடிக்க ஒரு முறை உண்டு. நாளைக்கு உட்காரப்போகும் இடத்தில் சனிக்கிழமை சாயங்காலமே வேகவைத்த சோளத்தை இரண்டு கைப்பிடி போட்டுவிட்டு வர வேண்டும். மீன் தின்று ருசி கண்டு, காலையில் மறுபடியும் அதே இடத்துக்குத் தேடி வரும். அளவுதான் முக்கியம். இரண்டு பிடி போட்டால் மீன் பசியோடு வரும். அதிகம் போட்டால் வயிறு முட்டத் தின்றுவிட்டு, மறுநாள் தூண்டில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. மாமனார் உட்காரும் இடம், வடக்குக் கரையில் படகு கட்டுகிற மரப்பாலத்தின் முனையிலிருந்து கல்லெறிகிற தூரம்தான். வேலை முடிந்து வரும் வழியில் சகலை அங்கே நின்று இரண்டு பிடி வீசிவிட்டுப் போவார்.

அவர் போன பிறகு நான் வாளியோடு போனேன்.

கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்து ஒரு வாளி சோளம் வேகவைத்தேன். சட்டையில் என்ன வாசனை என்று மனைவி கேட்டபோது, கண்ணாடி துடைக்க ஏதோ புது மருந்து வந்திருக்கிறது என்றேன். இப்படி மூன்று சனிக்கிழமை. அந்த ஏரியில் அந்த மாதம் மீன்கள் சாப்பிட்ட மாதிரி நான் என் கல்யாணத்தில்கூடச் சாப்பிடவில்லை.

மூன்று ஞாயிறும் மாமனார் வெறும் பையோடு திரும்பினார். எங்கள் வீட்டிலும்தான் மீன் இல்லை. எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவனுக்கு மூக்கைப் பற்றி என்ன கவலை? மூன்றாவது ஞாயிறு மதியம் மாமனார் நான் காத்திருந்த வார்த்தையைச் சொன்னார்.

"சின்னவருக்கு ராசி போயிடுச்சு போல. அடுத்த வாரம் நீங்க வாங்க மாப்பிள்ளை."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"வேணாங்க. மழை வரும்போல இருக்கு."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்ற மழை உனக்கு இப்பவே தெரியுதா?"

"அவரே போகட்டும்ங்க. எதுக்கு உங்களுக்கு இந்த வேலை?"

தங்கை புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமை நானே பாலத்துக்குப் போய், அளவாக இரண்டே பிடி போட்டுவிட்டு வந்தேன்.

காலையில் ஏரி அசையாமல் கிடந்தது. பலகையில் உட்கார்ந்ததும் அழுகை வரும்போல இருந்தது, பேசிச் சமாளித்தேன். வாளி வேலை ஓய்ந்ததும் மீன்களுக்குப் பசி வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் இரண்டு கெண்டை. ராசி யாருடையது என்று நான் வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெற்குப் பக்கத்து மிதிபடகுகளில் ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டு எங்கள் பக்கமாக வந்து, நாணலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. உள்ளே தொப்பி போட்ட ஓர் ஆள், தனியாக.

"அங்க பாருங்க மாமா, பிள்ளைங்க ஏறுற அன்னத்துல தடிமாடு மாதிரி ஒருத்தன் தனியா உட்கார்ந்திருக்கான்."

மாமனார் சிரித்தார். நானும் சிரித்தேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிற எனக்கு அது யார் என்று தெரியவில்லை.

மூன்றாவது மீன் மாட்டியது. கை வலையால் அதை அள்ள மாமனார் பக்கவாட்டில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தலை முதலில் தொங்கியது, பிறகு தோள் சரிந்தது. நான் பாய்ந்து இடுப்பு பெல்ட்டைப் பிடிப்பதற்குள் நெஞ்சு வரைக்கும் தண்ணீருக்குள் போய்விட்டார். இழுத்தேன், படகு அவர் பக்கமே சாய்ந்தது. குதித்து அந்தப் பக்கமிருந்து தூக்கலாம் என்றால் எனக்கு நீச்சல் தெரியாது. கத்தலாம் என்றால், நாள் முழுக்க ஓயாத இந்த வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

அன்னம் தடதடவென்று வரும் ஓசை கேட்டது. நாணல் தடுத்த இடத்தில் அந்த ஆள் தொப்பியோடு குதித்தார். நாலே வீச்சில் வந்து மாமனாரின் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்தார். தொப்பி மிதந்துபோனது. என் சகலை.

"இழுக்காதீங்க அண்ணே. நான் தூக்குறேன், நீங்க அந்தப் பக்கம் சாஞ்சுக்குங்க."

ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். இருவருமாக மாமனாரைப் படகுக்குள் சேர்த்தோம். அவர் இருமினார், கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார்.

"மீன் போயிடுச்சா?"

"போயிடுச்சு மாமா," என்றார் சகலை. "வலையோட நீங்களும் கொஞ்சம் சறுக்கிட்டீங்க."

"நீங்க எப்படி இங்க?"

"சும்மா அன்னத்துல சுத்திக்கிட்டிருந்தேன். தவறி விழுந்துட்டேன்."

நனைந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்து மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் திரும்பி, "நல்லவேளை, சறுக்கினப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்க மாப்பிள்ளை," என்றார். நாலு வருஷம் ஏங்கிய பாராட்டு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கரைக்கு வந்ததும் மாமனாரைப் படகுக் கொட்டகைக்குள் துண்டைப் போர்த்தி, சூடாக டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தோம். நான் சகலையை வெளியே இழுத்துவந்து கேட்டேன். அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"நாலு வருஷமா மாமாவுக்கு இப்படித் திடீர்னு மயக்கம் வருது. முதல்ல குளியலறையில விழுந்தாரு. டாக்டர் சொன்னதை அவர் ஒத்துக்கலை. காவலுக்கு ஆள் வருதுன்னு தெரிஞ்சா படகை வித்துட்டுப் படுத்துடுவாருன்னு அத்தைக்குப் பயம். நம்ம வீட்டுல எனக்குத்தான் நீச்சல் தெரியும்."

"என்கிட்ட ஏன் யாருமே சொல்லலை?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்ககிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள மாமாவுக்குத் தெரிஞ்சிடும்னு அத்தை சொன்னாங்க."

ஓட்டைவாய் என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள், என் மனைவி உட்பட.

"சோள விஷயமும் தெரியும் அண்ணே," என்றார். "தூண்டிலை இழுத்தா முள்ளுல சோளம் சோளமா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. நான் போட்டது ரெண்டு பிடிதான். உங்க சட்டையில வேற சோள வாசனை."

எனக்குக் காது சுட்டது. "அப்புறம் ஏன் பேசாம இருந்தீங்க?"

'ம்' என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

என் வாழ்க்கையிலேயே பெரிய மனசு பண்ணி நான் சொன்ன வார்த்தை அப்போதுதான் வந்தது. "தம்பி, இனிமே அந்தப் பலகை எனக்கு வேணாம். உங்களுக்கே. நான் இனி குறுக்கே வர மாட்டேன்."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பிழிந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அண்ணே, எனக்குத் தூண்டிலும் பிடிக்காது, மீனும் பிடிக்காது. என் பொண்ணு பிறந்ததுலேர்ந்து ஒரு ஞாயித்துக்கிழமைகூட அவளோட இருந்ததில்லை. மத்த நாள்ல நான் வீட்டுக்கு வர்றப்போ தூங்கியிருப்பா. நீங்க சோளம் போடுறது தெரிஞ்சதும், போடட்டும், எனக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை கிடைக்குமேன்னு நினைச்சேன். அதான் வாயைத் திறக்கலை. இன்னிக்குக் காலையில அவ பக்கத்துலதான் உட்கார்ந்தேன். மனசு கேட்கலை, எழுந்து வந்துட்டேன்."

அவரே மறுபடியும் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நாலு வருஷமா உங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமை அண்ணே. ஞாயித்துக்கிழமை முழுக்க நீங்க வீட்டுல பிள்ளைங்களோட இருந்தீங்களே."

நான் இருந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.